குட்டி பிறக்கும் முன்னே கட்டும் பணம்

மர்பி டவுனைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் ஐவர் ஒரு நாள் முற்பகலில் எங்கள் கிளைக்குச் சேர்ந்து வந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், ஒருவர் ஆட்டோ ஓட்டுநர், மற்ற மூவரும் இளைஞர்கள். ஐவருக்கும் பொதுவானது ஒன்றே: வீட்டில் வேட்டை நாய் இனத்தைச் சேர்ந்த நாட்டு நாய்கள் வளர்க்கின்றனர். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம், அவற்றோடு கர்நாடகத்துக்கே உரிய முதோள். 'நாய்க்குட்டிப் பரிசு நிதி' என்ற பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

மர்பி டவுனில் தென்மாவட்டத்து நாய்களைக் காண்பது வியப்பன்று. 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் இராணுவக் குடியிருப்பு அமைந்த காலந்தொட்டு அல்சூரைச் சுற்றியுள்ள பகுதிகளில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஊருக்குச் சென்று திரும்பும்போது புளியும் கருப்பட்டியும் கொண்டு வருபவர்கள் ஒரு குட்டியையும் மடியில் வைத்துக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றில் அவர்கள் தம் திட்டத்தை எழுதியிருந்தனர். பெட்டை நாயை இணை சேர்க்கும்போதே உரிமையாளர் ஒரு தொகை கட்ட வேண்டும். குட்டிகள் பிறந்ததும் இன்னொரு தொகை. குட்டிகளுக்கு ஓராண்டு நிறைந்தபின் ஒரு கண்காட்சி நடக்கும். சேர்ந்த பணம் வென்ற நாய்களுக்குப் பரிசாகப் பிரித்துத் தரப்படும். தாளின் அடியில் பதினோரு பேர் தலைக்கு 500 ரூபாய் கட்டியதற்கான குறிப்பு இருந்தது. "இந்த 5,500 ரூபாய் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். இளைஞர்களில் ஒருவர் தம் கைப்பேசியைக் காட்டினார். "என் ஜிபேயில்தான் இருக்கிறது சார். எல்லாருக்கும் என் கியூஆரைத்தான் அனுப்பினேன்."

அவருடைய நேர்மையில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. எனினும் அன்று நாங்கள் அவர்களிடம் பேசியதில் பாதிக்கு மேல் அந்தக் கியூஆரைப் பற்றியதே. அதற்கு முன்னர், இத்தகைய நிதி எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குவோம்.

பந்தயத் திடலில் பிறந்த முறை

குட்டி பிறக்கும் முன்னரே கட்டணம் கட்டிப் பதிவு செய்யும் முறைக்கு ஆங்கில உலகில் 'ஃப்யூச்சுரிட்டி' என்று பெயர். எதிர்காலத்தின்மேல் கட்டும் பணம் என்று பொருள் கொள்ளலாம். நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே பந்தயத் திடலில் 1888இல் முதன்முறையாக நடந்த ஃப்யூச்சுரிட்டி ஓட்டம் இதற்குப் பேர்பெற்ற தொடக்கம். தாய்க்குதிரை சினையாக இருக்கும்போதே, வயிற்றிலுள்ள குட்டிக்காகக் கட்டணம் செலுத்தினர். குட்டிகள் இரண்டு வயது ஆனபின் ஓடின. முதல் பரிசை வென்றது புரோக்டர் நாட் என்னும் குதிரை. பலர் சிறுகச் சிறுகக் கட்டிய தொகை ஒன்றுசேர்ந்து, பெரும் பரிசாக உயர்ந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து அதே எண்ணத்தை அமெரிக்கக் குதிரை வளர்ப்பாளர் ஜான் கெய்ன்ஸ் பெரிதாக்கினார். 1982இல் அவர் முன்மொழிந்த 'பிரீடர்ஸ் கப்' 1984 நவம்பர் 10 அன்று கலிபோர்னியாவின் ஹாலிவுட் பார்க் திடலில் முதன்முறையாக நடந்தது. ஏழு ஓட்டங்கள், மொத்தப் பரிசு 1 கோடி டாலர். இப்பணத்துக்கு அடித்தளம் இட்டவர்கள் குதிரை வளர்ப்போரே. பொலிகுதிரையின் உரிமையாளர், ஒருமுறை இணை சேர்ப்பதற்குத் தாம் வாங்கும் கட்டணத்துக்கு நிகரான தொகையை ஆண்டுதோறும் நிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குதிரைக்குப் பிறந்த குட்டிக்குத் தொடக்க காலத்தில் ஒரே முறை 500 டாலர். பதிவு செய்யாத குதிரை பின்னாளில் ஓட விரும்பினால் பன்மடங்கு அதிகமான தாமதக் கட்டணம் உண்டு. விலை உயர்ந்த பொலிகுதிரை மிகுதியாகக் கட்டும், எளியது குறைவாகக் கட்டும் என்ற ஏற்பாட்டில் ஒரு நியாயமும் இருக்கிறது.

நாய்களின் உலகம் இம்முறையைக் குதிரைகளிடமிருந்து கடன் வாங்கியது. அமெரிக்க ஜெர்மன் ஷெப்பர்ட் கழகம் ஃப்யூச்சுரிட்டி கண்காட்சிகளை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. பறவை வேட்டை நாய்களுக்கும், மோப்பம் பிடித்து ரக்கூனை மரத்திலேற்றும் கூன்ஹவுண்ட் நாய்களுக்கும் அங்கே இத்தகைய போட்டிகள் உள்ளன. சிலவற்றில் தகப்பன் நாயைப் பதிவு செய்திருந்தால்தான் அதன் குட்டிகள் கலந்துகொள்ள இயலும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நாய்க் கண்காட்சி என்றாலே பெரும்பணம் என்று நினைப்பவர் உண்டு. 1877 முதல் நியூயார்க்கில் நடந்துவரும் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் தலைசிறந்த நாய்க்கு ரொக்கப் பரிசு கிடையாது, கோப்பைதான். இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியிலும் ரொக்கம் பெயரளவுக்கே. வெற்றியால் வரும் வருவாய் பின்னர்தான், குட்டிகளின் விலையிலும் இணை சேர்ப்புக் கட்டணத்திலும் வருகிறது. அந்த வருவாயும் நாயின் உரிமையாளருக்கே சேர்கிறது. அந்த நாயை ஈன்ற பெட்டையை வளர்த்து, இரவெல்லாம் கண்விழித்துக் குட்டிகளைக் காப்பாற்றி, எட்டு வாரத்தில் விற்றுவிட்டவருக்கு ஒன்றுமில்லை. இக்குறையைச் சரிசெய்வதே ஊக்க நிதியின் நோக்கம். பரிசின் ஒரு பங்கு ஈற்றுக்கு உரியவருக்கும், ஒரு பங்கு ஆண் நாயின் உரிமையாளருக்கும் போக வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. மர்பி டவுன் நண்பர்களின் தாளில் இந்தப் பிரிவு இல்லை. முழுப் பரிசும் கண்காட்சி நாளன்று நாயைக் கையில் பிடித்திருப்பவருக்கு என்று எழுதியிருந்தனர். அப்படியானால் அது வழக்கமான போட்டியேயன்றி வளர்ப்பவருக்கான ஊக்கம் ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் இல்லாமல் இதனை விளங்கிக்கொள்வது கடினம். ஆகவே கற்பனையாக ஒரு கழகத்தை எடுத்துக்கொள்வோம். அன்று நண்பர்களுக்கு நாங்கள் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இதுவே.

இணை சேர்க்கும்போது 30 பெட்டை நாய்கள் தலைக்கு 500 ரூபாயில் பதிவாகின்றன. வரவு 15,000. நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். அதன் முடிவில் 24 நாய்களே குட்டி ஈனுகின்றன என்று கொள்வோம். சில சினை பிடிக்கா, சில கலைந்துபோகும். ஈற்று ஒன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 24,000. எட்டு வாரம் ஆனதும், பார்வைக்கு நன்றாக உள்ள குட்டிகளைத் தனித்தனியே பதிவு செய்ய 300 ரூபாய். 90 குட்டிகளுக்கு 27,000. ஓராண்டு நிறைந்து கண்காட்சிக்கு வருபவை 40; நுழைவுக் கட்டணம் 1,000 வீதம் 40,000. ஆக, பெட்டை மற்றும் குட்டிகளின் தரப்பிலிருந்து 1,06,000 ரூபாய். ஆண் நாய்கள் பத்துக்குத் தலைக்கு 2,000 வீதம் 20,000. மொத்தம் 1,26,000 ரூபாய்.

இதில் நடுவர், பந்தல், கால்நடை மருத்துவர், அச்சு ஆகிய செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 25,200 ரூபாய் போகிறது. எஞ்சுவது 1,00,800. இதனை நாயின் உரிமையாளருக்கு 60 விழுக்காடு, ஈற்றுக்கு உரியவருக்கு 25 விழுக்காடு, ஆண் நாயின் உரிமையாளருக்கு 15 விழுக்காடு என்று பிரிக்கிறோம். முதல் பரிசுக்கு மொத்தத்தில் 40 விழுக்காடு என்றால் அது 40,320 ரூபாய். அதில் உரிமையாளருக்கு 24,192, ஈற்றுக்கு உரியவருக்கு 10,080, ஆண் நாயின் உரிமையாளருக்கு 6,048 கிடைக்கும்.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. இப்போது மறுபுறம் நின்று பாருங்கள். பெட்டை, குட்டி ஆகியவற்றின் தரப்பு கட்டியது 1,06,000. அத்தரப்புக்குத் திரும்பி வருவது 1,00,800இல் 85 விழுக்காடாகிய 85,680. கட்டிய 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 81 ரூபாய். அந்த 81 ரூபாயும் எல்லாருக்கும் இல்லை. எட்டு நாய்களுக்குப் பரிசு என்றால் கண்காட்சிக்கு வந்த நாற்பதில் முப்பத்திரண்டு வெறுங்கையோடு திரும்பும். வராமலே நின்றுபோன ஐம்பது குட்டிகளின் தலா 300 ரூபாயும், குட்டி ஈனாத ஆறு பெட்டைகளின் தலா 500 ரூபாயும் பரிசுப் பணத்துக்குள்ளேயே கரைந்துவிட்டன.

இதில் ஏமாற்று எதுவுமில்லை. இந்த நிதியின் இயல்பே அதுதான். வெளியிலிருந்து ஒரு ரூபாயும் வராத நிதி தன் உறுப்பினரின் பணத்தையே, செலவைக் கழித்துக்கொண்டு, சிலருக்குத் திருப்பித் தருகிறது. கலந்துகொள்பவர் அனைவரும் சேர்ந்து இலாபம் காண வழியே இல்லை. இதனை முதல் நாளிலேயே உரக்கச் சொல்லும் கழகத்தை நம்பலாம். "கட்டியதைப் போல் பத்து மடங்கு" என்று முழங்கும் கழகத்திடம் மேற்கண்ட கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டணம் ஏன் படிப்படியாக உயர்கிறது என்ற கேள்வியும் எழுந்தது. தொடக்கத்தில் நிச்சயமின்மை மிகுதி. ஆகவே அப்போது சிறு தொகை. நாய் தேறி வரவரப் பெருந்தொகை. ஒவ்வொரு படியிலும் விலகிக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் கட்டியது திரும்பாது. இந்நகரின் குதிரைப் பந்தயத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பெரிய ஓட்டங்களுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, தவணை தவணையாகக் கட்டணம் செலுத்தும் வழக்கம் அங்கும் உண்டு. நண்பர்கள் முதல் படியிலேயே 500, கடைசிப் படியில் 200 என்று தலைகீழாக வைத்திருந்தனர். பணம் சீக்கிரம் சேர வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் சினை பிடிக்காத நாயின் உரிமையாளரே அதில் மிகுதியாக இழப்பார்.

ஆதரவாளர் வந்தால் கணக்கு மாறும். நாய்த்தீவன வணிகர் ஒருவர் 50,000 ரூபாய் ரொக்கமாகத் தந்தால் மேற்சொன்ன 81 ரூபாய் 100ஐத் தாண்டிவிடும். ஆனால் ஆதரவு பெரும்பாலும் தீவன மூட்டைகளாக வருகிறது. அவற்றின் மீது அச்சிட்ட விலையைப் பரிசுத் தொகையோடு கூட்டி அறிவிக்கும் வழக்கத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். மூட்டை மூட்டையாகவே கணக்கில் இருக்கட்டும். 'கிராசிங்' பணத்துக்கு ஈடாக முதல் குட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பழக்கமும் அப்படியே. அது இருவருக்கிடையே உள்ள ஏற்பாடு. நிதியின் ஏட்டில் அதற்கு இடமில்லை.

கணக்குக்கு முன் நாயின் உடல்

இளைஞர்களில் ஒருவர், பரிசு நிதியை நம்பி இரண்டு பெட்டை நாய்கள் வாங்கத் தனிநபர் கடன் கிடைக்குமா என்று விசாரித்தார். ஆறு மாதத்துக்கு ஓர் ஈற்று என்று அவர் மனக்கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கைச் சட்டம் ஏற்காது.

மத்திய அரசு 2017இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டிகளை விற்பதற்காக நாய் வளர்க்கும் எவரும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். அது திரும்பத் தரப்படாது. பதிவு இரண்டாண்டுகளுக்குச் செல்லும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைவதற்கு முன் இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வயதைக் கடந்த நாயை இணை சேர்க்கவே கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. ஈற்று, தடுப்பூசி, விற்பனை ஆகிய அனைத்துக்கும் ஏடு வைத்திருக்க வேண்டும்.

எனவே ஊக்க நிதி நடத்துவோர் முன்பதிவுப் படிவத்தில் பெட்டையின் பிறந்த தேதியையும், முந்தைய ஈற்றின் தேதியையும், இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேட்டாக வேண்டும். கேட்காமல் கட்டணம் வாங்கும் நிதி, விதியை மீறுபவருக்குப் பரிசு கொடுத்து ஊக்குவிப்பதாக முடியும். மர்பி டவுன் போன்ற நெருக்கமான பகுதியில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வேட்டை நாய்கள் ஓடிப் பழகியவை. சந்து வீட்டின் மாடிப்படிக்கு அடியில் மூன்று நாய்களைக் கட்டி வைத்து வளர்ப்பது கண்காட்சி நடுவரின் கண்ணுக்குத் தப்பாது. கால் வளைந்த குட்டிக்காகக் கட்டிய 300 ரூபாய் போனது போனதுதான்.

கடனைப் பொறுத்தவரை, பரிசுத் தொகையை வருமானமாக நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று அவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம். சம்பளத்தைக் கொண்டு தவணை கட்ட முடியுமானால் கடனை ஆராய்வோம். நாய் வென்றால்தான் தவணை என்றால் அக்கடன் வேண்டாம். சற்று முகம் வாடினார். பிறகு ஒரே ஒரு நாயோடு தொடங்குவதாகச் சொன்னார். அதற்குக் கடன் தேவைப்படவில்லை.

நாட்டு நாய்களைக் காக்க அரசுகள் பணம் செலவிடும் முறை முற்றிலும் வேறு. சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை 1980களிலிருந்து பல ஆண்டுகள் நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவொன்றை நடத்தியது. கர்நாடகத்தில் பாகல்கோட்டை மாவட்டம் முதோளுக்கு அருகே திம்மாபூரில், பீதரிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் முதோள் நாய்களைப் பெருக்கிக் குட்டிகளை வளர்ப்போருக்குத் தருகிறது. இங்கே பரிசு இல்லை, கட்டணப் படிகள் இல்லை. வரிப்பணத்தில் நல்ல குட்டி வெளியே வருகிறது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளக் கழகம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகிய மூன்றையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாய் அஞ்சல் தலைகள் நான்கில் முதோளும் இராஜபாளையமும் இடம்பெற்றன. மதிப்பு கூடியிருக்கிறது, ஆனால் வம்சாவளியை எழுதி வைக்கும் பழக்கம் வீடுகளில் இன்னும் வேரூன்றவில்லை. ஊக்க நிதியால் உண்மையான பயன் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். பணம் கட்டியவர் தேதியையும் தாய் தகப்பனையும் எழுதிக் கொடுத்தே தீர வேண்டும். பத்தாண்டுகள் நடந்தால் அந்த ஏடே பரிசைவிட விலை உயர்ந்ததாகிவிடும் என்பது எங்கள் எண்ணம்.

ஓட்டப் போட்டி வைக்கலாமா என்று ஆட்டோ ஓட்டுநர் கேட்டார். குதிரைப் பந்தயத்துக்குச் சட்டம் அளித்துள்ள விலக்கு நாயோட்டத்துக்கு இல்லை. அதன்மேல் பணயம் கட்டுவது சூதாட்டம். முயலை விட்டு விரட்டச் செய்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கண்காட்சியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்றோம்.

கியூஆர் யாருடையது?

இப்போது அந்தக் கைப்பேசிக்கு வருவோம். இணை சேர்ப்பதிலிருந்து கண்காட்சி வரை, இரண்டு மாதச் சினைக்காலமும் ஓராண்டு வளர்ச்சியும் சேர்த்துப் பதினான்கு மாதங்களுக்கு மேல் இப்பணம் எங்கேனும் இருந்தாக வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருந்தால் என்ன நேரலாம்?

அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானால், வங்கி அக்கணக்கிலுள்ள தொகையை அவர் நியமித்தவரிடம், நியமனம் இல்லையேல் சட்டப்படியான வாரிசுகளிடம் ஒப்படைக்கும். அதில் நாய்க்குட்டிப் பணம் எது, அவருடைய சம்பளம் எது என்று வங்கிக்குத் தெரியாது. பிரித்துத் தரவும் இயலாது. கணவரை இழந்து நிற்கும் பெண்மணியின் வாசலில் போய் முப்பது பேர் பணம் கேட்கும் நிலை வரும். அவருக்கு அதே வங்கியில் கடன் நிலுவை இருந்தால், வங்கி அதற்கு ஈடுசெய்து கொள்ளும் உரிமை உண்டு. நீதிமன்றமோ வரித்துறையோ அவர் கணக்கை முடக்கினால் எல்லாருடைய பணமும் சேர்ந்தே முடங்கும். மேலும், அவர் கணக்கில் வந்து விழும் தொகை முழுவதும் அவருடைய வருமானமா என்ற கேள்விக்கு அவரே விடை சொல்ல வேண்டி வரும். இவற்றில் எதற்கும் நேர்மைக் குறைவு தேவையில்லை. இந்தப் பகுதியை விளக்கியபோதுதான் ஐவரும் அமைதியானார்கள்.

வழி எளியது. கழகத்தைக் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன்கீழ் பதிவு செய்ய வேண்டும். தமிழகத்தில் உள்ளோருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம். பதிவுச் சான்று, துணை விதிகள், கணக்குத் தொடங்கவும் இயக்கவும் அதிகாரம் தரும் நிர்வாகக் குழுத் தீர்மானம், சங்கத்தின் பெயரில் பான் அட்டை, கையொப்பமிடுவோரின் அடையாள ஆவணங்கள் ஆகியவை இருந்தால் பதிவுபெற்ற சங்கத்துக்குச் சேமிப்புக் கணக்கே தொடங்கலாம். இயக்குவது எப்போதும் இருவர் கூட்டாக இருக்கட்டும். கியூஆர் சங்கத்தின் பெயரில் வரும். பணம் கட்டுபவரின் திரையில் தனிநபர் பெயர் தெரியாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுத்து, அதனைக் குறிப்பில் எழுதிப் பணம் அனுப்பச் சொன்னால், யார் எதற்குக் கட்டினார் என்ற வழக்கு பின்னாளில் எழாது.

முதல் படிகளில் சேரும் பணத்தைக் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பு முதிர்வடையும் வகையில் நிரந்தர வைப்பில் போடலாம். வட்டி பரிசோடு சேருமா, செலவுக்குப் போகுமா என்பதைத் துணை விதியில் எழுதிவிட வேண்டும். தொகை சிறிதுதானே என்று இதனை விட்டுவிடுவோர் பலர். சங்கங்களில் மனக்கசப்பு சிறு தொகையில்தான் தொடங்குகிறது. வங்கியில் உள்ள வைப்புக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

கண்காட்சி நடைபெறாவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். 2020இல் எத்தனையோ நிகழ்ச்சிகள் நின்றுபோயின. ஊரில் பார்வோ நோய் பரவினாலும் நாய்களை ஓரிடத்தில் கூட்டக் கூடாது. ஒத்திவைப்பா, திருப்பித் தருவதா, திருப்பினால் எந்தப் படியின் கட்டணம் வரை என்பது பணம் வாங்கும் முன்பே தெளிவாக இருக்கட்டும்.

பரிசு பெறுபவருக்கு அத்தொகை வருமானமே. சங்கம் வரி பிடித்தம் செய்ய வேண்டுமா என்பதைப் பட்டயக் கணக்கர் ஒருவரிடம் முதல் கண்காட்சிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி விற்பனையைத் தொடர்ந்து நடத்துபவருக்கு அது தொழில் வருமானம்.

ஈமுவை நினைவிருக்கிறதா?

ஓய்வு பெற்ற பெரியவர் புறப்படும் முன், "ஐயா, ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கி, பதினெட்டு மாதத்தில் பதினைந்தாயிரமாகத் தருகிறோம் என்றால் கூட்டம் சேருமே?" என்றார். கூட்டம் சேரும். அதுவே எங்கள் அச்சமும்.

2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்பு நிறுவனங்கள் வீழ்ந்ததை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வைப்புத் தொகை கட்டினால் ஈமு குஞ்சுகளும் தீவனமும் தருவோம், வளர்ப்பதற்கு மாதந்தோறும் பணமும் தருவோம் என்றார்கள். கறிக்கும் முட்டைக்கும் வாங்குவோர் இல்லாதபோது, பின்னால் வந்தவரின் வைப்பிலிருந்துதான் முன்னால் வந்தவருக்குப் பணம் போயிற்று. புதியவர் வருகை நின்ற அன்று எல்லாம் நின்றது. வழக்குகள் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடந்தன. பறவைகளோ பட்டினியில் வாடின.

நுழைவுக் கட்டணம் வேறு, வைப்பு வேறு. போட்டியில் கலந்துகொள்வதற்காகக் கட்டி, வென்றால் பரிசு, தோற்றால் இல்லை என்பது கட்டணம். குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட தொகையாகத் திருப்பித் தருவதாக வாக்களித்து வாங்குவது வைப்பு. அனுமதியின்றி அதனை வாங்குவது 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்கீழ் குற்றம். புதிய உறுப்பினரைச் சேர்த்துவிட்டால் பங்கு என்ற ஏற்பாடோ, பதிவெண்களைக் குலுக்கிப் பரிசு தருவதோ இன்னும் பழைய, 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தில் போய் முட்டும். பெரியவர் சிரித்துக்கொண்டே, சும்மா கேட்டேன் என்றார்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு அவர்கள் சங்கப் பதிவுச் சான்றோடு வந்தனர். இம்முறை தாள் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இணை சேர்ப்பின்போது 200 ரூபாய், இறுதி நுழைவுக்கு 800. பரிசில் நான்கில் ஒரு பங்கு ஈற்றுக்கு உரியவருக்கு. பெட்டை நாயின் வயதும் முந்தைய ஈற்றின் தேதியும் இல்லாத படிவம் ஏற்கப்படாது. இளைஞர் தம் கணக்கிலிருந்து 5,500 ரூபாயைச் சங்கக் கணக்குக்கு மாற்றி, பதினோரு பேருக்கும் தேதியிட்ட இரசீது எழுதினார். 500 கட்டியவர்களுக்கு மீதி 300 ரூபாய் அடுத்த படியில் கழித்துக்கொள்ளப்படும் என்று இரசீதிலேயே குறித்திருந்தார்.

ஒரே ஒரு விதி மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. பிரசவத்தில் தாய் நாய் இறந்துவிட்டால், பிழைத்த குட்டிகளுக்கு ஈற்றுக் கட்டணம் வாங்குவதா, விடுவதா? ஐவருக்குள் இரண்டு கருத்து. அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்வதாகச் சொல்லி, அந்த இடத்தைக் காலியாக விட்டே கையொப்பமிட்டனர்.